கிரான் ஏன் முழு முகவரி கேட்கிறான்

அந்தக் காலத்தில் கணினிக்குள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வாய்விட்டுப் பேசுவார்கள். காக்காயும் நரியும் பேசிய காலத்தைச் சொல்லவில்லை, அது வேறு. இது கணினியை நடத்துகிற லினக்ஸ் பேசிய காலம். திரைக்குப் பின்னால் பாஷ் என்று ஒருவன் இருந்தான். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் கேட்டு ஓடுகிறவன். அவனுக்குத் தம்பி கிரான். இந்த நேரத்துக்கு இதைச் செய் என்று கிரானிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், நீங்கள் ஊரிலேயே இல்லாவிட்டாலும் அந்த நிமிடத்தில் செய்துவிடுவான். யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். அதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. எனக்கும்தான். அவனை நம்பித்தானே நான் பிழைக்கிறேன்!

அண்ணன் தம்பி இருவரிடமும் ஆளுக்கொரு முகவரி நோட்டு இருந்தது. கட்டளைகள் எழுதிய எந்தக் கோப்பு கணினிக்குள் எந்த அறையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அதனால் பேரை மட்டும் சொன்னால் போதும், தேடிப் பிடித்து ஓட்டிவிடுவார்கள்.

சிப்பிக்கரை என்ற கடலோர ஊரில் மீனவர் சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா. கடலுக்குள் நீளும் பாலத்துக் கம்பத்தில் அலை அளக்கும் கருவி ஒன்று உண்டு. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அதைப் பார்த்து அவள் ஒலிபெருக்கியில் சொல்வாள். அவள் குரல் கேட்ட பிறகுதான் வல்லங்கள், அதாவது மீன்பிடிப் படகுகள், கடலில் இறங்கும். ஒரு வாரம் அவள் காய்ச்சலில் விழுந்தாள். சொல்ல ஆளில்லை. கண்ணால் கடலைப் பார்த்து இறங்கியவர்கள் செத்துப் பிழைத்து வந்தார்கள். அவர்களில் அவள் புருஷன் இன்னாசியும் ஒருவன்.

"இனி நான் படுத்தாலும் என் குரல் படுக்கக் கூடாது" என்றாள் ஜெசிந்தா. யாரும் சொல்லித்தராமல் மூன்று வாரம் லினக்ஸோடு மல்லுக்கட்டினாள். தன் குரலையே பதிவு செய்து வைத்தாள். முதலில் கணினிக்குள் தன் சொந்த அறையில் 'அலை' என்று ஒரு சோதனைக் கோப்பு எழுதினாள். அது கருவியைப் பார்க்காது, "கடல் அமைதி, இறங்கலாம்" என்று மட்டும் சொல்லும்.

வல்லம் இறங்காத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அதைக் கிரானிடம் கொடுத்தாள். பதினைந்து மணி, அதாவது பிற்பகல் மூன்று, என்று நினைத்து வரியின் முதல் இடத்தில் பதினைந்தை எழுதி, மீதி நான்கு இடத்திலும் 'எதுவானாலும் சரி' என்று பொருள்படும் நட்சத்திரம் போட்டாள். அட, முதல் இடம் நிமிடத்துக்கு! இரண்டாவதுதான் மணிக்கு! கிரான் என்ன செய்வான்? மணிக்கு மணி பதினைந்தாவது நிமிடத்தில் அலற வைத்தான். எட்டேகாலுக்கு மாதா கோயில் பூசையில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பேரைச் சொன்ன கையோடு வெளியே ஒலிபெருக்கி, "கடல் அமைதி, இறங்கலாம்" என்றது. கோயிலே சிரித்தது.

சங்கத் தலைவர் பாக்கியநாதன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "ஏ பிள்ள ஜெசிந்தா, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? பேசாம பழையபடி நீயே சொல்லிரு."

"நாளைக்கு மூணு மணிக்குக் கரையில நின்னு கேளுங்கண்ணே. அப்புறம் பேசுங்க" என்றாள்.

திங்கட்கிழமை, கருவியைப் பார்த்துச் சொல்லும் உண்மையான கோப்பைக் கணினியின் சங்க அறையில் எழுதினாள். அதற்கும் 'அலை' என்றே பேர் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். பாஷ் அவள் இருந்த அறையில் உள்ளதையே எடுத்து ஓட்டினான், சரியாக வேலை செய்தது. நேரத்தை மட்டும் திருத்திவிட்டுக் கரைக்குப் போனாள். வரியில் வெறும் 'அலை' என்றுதான் இருந்தது.

அன்று கள்ளக்கடல். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளியே அலை புரண்டுகொண்டிருக்கும். கம்பத்துக் கருவி இரண்டரை மீட்டர் காட்டியது. மூன்று மணி அடித்தது. ஒலிபெருக்கி அவள் குரலில் சொன்னது: "கடல் அமைதி, இறங்கலாம்."

"கேட்டியளா, என் வீட்டுக்காரி குரல!" என்று இன்னாசிதான் முதல் ஆளாக வல்லத்தைத் தள்ளினான். பின்னாலேயே இரண்டு வல்லம் போயிற்று.

ஜெசிந்தா அலுவலகத்துக்கு ஓடினாள். சங்க அறையில் இருந்தபடி தன் கையால் 'அலை' என்று தட்டினாள். "அலை இரண்டரை மீட்டர், யாரும் இறங்க வேண்டாம்" என்றது ஒலிபெருக்கி. மறுபடியும் தட்டினாள். விரல் ஓயும்வரை தட்டினாள். வல்லங்கள் திரும்பின. கரை ஏறும் இடத்தில் இன்னாசியின் வல்லத்தை ஒரு அலை தூக்கி அடித்தது. வலை போயிற்று. ஆட்கள் தப்பினார்கள்.

அவள் கரைக்குப் போய் ஆட்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து திரையைப் பார்த்துக் கத்தினாள். "நான் தட்டினா சரியா ஓடுது. உன்கிட்ட கொடுத்தா ஏன்டா இப்படி ஆவுது? என் புருஷன கொல்லப் பாத்தியே பாவி!"

"அலை என்றுதானே எழுதினீர்கள் அம்மா? நோட்டில் இரண்டு அலை இருந்தது. நேற்று ஓட்டியது இதுதானே என்று எடுத்தேன்."

"தெரியலன்னா கேக்க மாட்டியா?"

"உங்களைத் தேடிக் கேட்டு வருவதற்குள் மூன்று மணி போய்விடுமே! நான் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை."

"நேரத்துக்குப் பொய் சொல்றதுல என்னடா பெருமை?"

 வெட்கத்தில் கிரானுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு தன் முகவரி நோட்டை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டான். தினமும் புழங்கும் ஒன்றிரண்டு அறைகள் தவிர அவனுக்கு இனி ஒன்றும் தெரியாது.

"அடிபட்ட அந்த வல்லத்தின் மேல் சத்தியம், இனி நான் ஊகிக்கவே மாட்டேன் அம்மா. எந்த வீடு, எந்த அறை, எந்தக் கோப்பு என்று வாசலிலிருந்து எழுதிக் கொடுங்கள். கொடுத்தால் சொன்ன நிமிடத்தில் செய்வேன். கொடுக்காவிட்டால் சும்மா இருப்பேன். என்ன நடந்தது என்று தெரியவேண்டுமானால் ஒரு குறிப்பேட்டையும் காட்டிவிடுங்கள், எழுதி வைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அவள் கோப்பின் முகவரியை முழுசாக எழுதினாள். குறிப்பேட்டையும் காட்டினாள். முன்கூட்டியே ஒரு மணிக்குச் சோதித்தாள். சத்தமே இல்லை!  குறிப்பேட்டைத் திறந்தாள். 'ஒலிபெருக்கி என்று கோப்புக்குள் எழுதியிருக்கிறீர்கள். அது யார்? எனக்குத் தெரியாது' என்று கிரான் எழுதியிருந்தான். உள்ளேயும் பேர் மட்டும்தான் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அதற்கும் முழு முகவரி எழுதினாள்.

அப்புறம் விசைப்பலகையைத் தொடாமல் கரைக்குப் போய் நின்றாள். மூன்று மணிக்கு ஒலிபெருக்கி பேசியது: "அலை இரண்டு மீட்டர். யாரும் இறங்க வேண்டாம்."

பாக்கியநாதன் கம்பத்துக்குப் போய்க் கருவியை எட்டிப் பார்த்தார். இரண்டு மீட்டர்தான். "பெரிய ஆளுதான் பிள்ள நீ" என்றார். இன்னாசி இறக்கத் தயாராக நின்ற வல்லத்தை மணலில் மேலே இழுத்துப் போட்டுவிட்டு, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றான். நேற்று அவ்வளவு நடந்தும் அவன் அவள் குரலை நம்பினான். ஜெசிந்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் நடுவே நடந்து போனாள்.

அன்று முதல்தான், புதிதாக லினக்ஸ் பழகுகிறவர்கள் "நான் தட்டினா ஓடுது, கிரான்கிட்ட கொடுத்தா ஓடல" என்று புலம்புகிறார்கள். புலம்பட்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒருநாளும் செய்யமாட்டேன் என்று ஒரு வல்லத்தின் மேல் சத்தியம் செய்தவன் அவன்.