தேவாங்கு பிரிக்காத புரி

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டிலேயே வேகமான கால் தேவாங்குடையதுதான். அணில் ஒரு மரத்தில் ஏறி இறங்குவதற்குள் அது மூன்று மரம் தாண்டியிருக்கும். இன்றைக்கு அதைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

கால் மட்டுமில்லை, அதன் விரலுக்கும் பேர் இருந்தது. தேன் எடுக்கிறவர்கள் மரமேறும் கயிற்றை அதனிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். சாணுக்குச் சாண் புரியைப் பிரித்து, உள்ளே நார் பொடிந்திருக்கிறதா என்று தடவி, முகர்ந்து பார்க்கும். அது "ஏறலாம்" என்றால் ஏறுவார்கள். "வெட்டிப் போடு" என்றால் அங்கேயே வெட்டிப் போடுவார்கள். மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாக அதன் தலைக்கு ஏறிவிட்டது.

அந்தக் காட்டில் சடையன் என்று ஒரு தேனெடுப்பவன் இருந்தான். தேவாங்குக்கு உயிர்ச் சிநேகிதன். எந்த அடையை அறுத்தாலும் புழுவிருக்கும் துண்டை அதற்கென்று எடுத்துவைப்பான். ஒரு சித்திரையில் அவன் மனைவி மருதி, ஆத்தி நாரில் திரித்த கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு அந்தப் பெரிய மரத்துல ஏறப்போறாரு. கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க."

சுற்றிலும் பிராணிகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அணிலுக்கு வாய் சும்மா இருக்குமா? "போன வருஷம் இதே கயித்தைத்தானே நல்லாருக்குன்னு சொன்னே? இப்ப உன் சொல்லு மேலயே உனக்குச் சந்தேகமா?" என்று சீண்டியது. எல்லாம் சிரித்தன.

தேவாங்குக்குச் சுருக்கென்றது. பிரித்துப் பார்த்து ஏதாவது பழுது தெரிந்தால் போன வருஷத்துத் தீர்ப்பும் சேர்ந்து சிரிப்பாய்ச் சிரிக்குமே! கயிற்றை மேலோடு ஒரு தடவை உருவியது. பளபளவென்று விறைப்பாக இருந்தது. வடிந்த தேன் காய்ந்துதான் அப்படி மினுங்குகிறது என்று அதற்குத் தெரியாதா? தெரியும். தேன் போன இடத்துக்கு எறும்பும் போகும் என்பதும் தெரியும். ஒரு புரியைப் பிரிக்க விரல் போயிற்று. அணில் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. விரலை இழுத்துக்கொண்டது.

"நான் பாத்த கயிறு, தங்கச்சி. இன்னும் பத்து வருஷம் தாங்கும். மாப்பிள்ளையைத் தைரியமா ஏறச் சொல்லு."

மறுநாள் காலை சடையன் உச்சிக் கிளையில் கயிற்றைக் கட்டி, அடை இருக்கும் கிளைக்குத் தொங்கி இறங்கினான். அவன் பாரம் முழுக்கக் கயிற்றில் விழுந்ததும் அது அறுந்தது. அவனுக்குக் கத்தக்கூட நேரமில்லை. கீழே தேன் பிடிக்கக் குடுக்கையோடு நின்ற மருதியின் காலடியில் வந்து விழுந்தான்.

சத்தம் கேட்டுத் தேவாங்கு ஓடி வந்தது. அதுதான் அது கடைசியாக ஓடியது. மருதி அறுந்த நுனியைப் பிய்த்தாள். உள்ளே நாரே இல்லை. பொடியும் எறும்பு முட்டையும் உதிர்ந்தன.

"தங்கச்சி, நான்..."

"கயித்தை நம்பி அவரு ஏறலை. உன்னைய நம்பித்தான் ஏறுனாரு."

அவள் சபிக்கவில்லை. சபித்திருந்தாலாவது தேவாங்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீண்டிவிட்ட அணிலுக்கு ஒரு கேடும் வரவில்லை. அது இன்றும் துள்ளிக்கொண்டுதான் திரிகிறது.

தேவாங்கு திரும்பிப் போக மரமேறியது. ஒரு கை அடுத்த கிளையைப் பிடித்தது, ஆனால் மறு கை பழைய கிளையை விடவில்லை. தடவியது, அழுத்தியது, முகர்ந்தது. அப்போதும் விடவில்லை.

அன்று முதல்தான் தேவாங்கு அடுத்த கிளையை இறுகப் பிடித்து, கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே பழைய கிளையை விடுகிறது. இந்தக் கவனத்தில் கால்வாசி அன்றைக்கு இருந்திருந்தால் மருதிக்குப் புருஷன் மிஞ்சியிருப்பான்.