ஒரு சாண் தூரம்

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. நீங்க மட்டும் ஏன் டீச்சர் வாயைத் திறக்க மாட்டேங்கீங்க?"

கோமதிநாயகம் கேட்டது கேள்வி மாதிரி இல்லை. சண்டைக்கு இழுப்பது மாதிரி இருந்தது.

பெனிட்டா மேசைமேல் கிடந்த அவருடைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் பூச்சிகளைப் படம் பிடிக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டார். பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் அவள் நடத்தும் வகுப்பில் தலை நரைத்த மாணவர் அவர் ஒருவர்தான்.

தள்ளி நின்றே பூச்சியைப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்க அவருக்கு வசதியில்லை. இருக்கிற லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற க்ளோஸ்-அப் லென்ஸைக் காட்டிக்கொடுத்தவள் பெனிட்டாதான். கேமராவுக்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்ட மாதிரி. எறும்பின் மீசைகூடத் தெரியும்.

ஆனால் ஒரு சாண் தூரத்துக்குப் போக வேண்டும். தள்ளி நின்றால் எல்லாமே மங்கல். லென்ஸ் வளையத்தைத் திருகிப் பிரயோஜனம் இல்லை, நீங்கதான் நகரணும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மறுநாள் கண்காட்சி. மற்றவர்கள் படங்களுக்குக் கீழே பெயர் அட்டை ஒட்டியாகிவிட்டது. அவருடைய அட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று ஓடிய வாழ்க்கையில் அவர் பெயர் ஒரு சுவரில் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

படத்தில் ஒரு தட்டான். உடம்பெல்லாம் பனித்துளி. கண்ணில் இருந்த துளிகளைக்கூட எண்ணிவிடலாம். 'விடியல்' என்று பெயர் வைத்திருந்தார்.

பெனிட்டா அவருடைய கேமராவை எடுத்தாள். க்ளோஸ்-அப் லென்ஸைக் கழற்றி, பூதக்கண்ணாடி போலப் படத்தின் மேல் பிடித்தாள். அவரைப் பார்க்கச் சொன்னாள்.

"நிழல் எங்க விழுந்திருக்கு சார்?"

"நேர் கீழ."

"உச்சி வெயில்ல பனி எங்கருந்து வந்துச்சு?"



அவர் நிமிர்ந்தபோது முகம் வெந்து போயிருந்தது.

ஆமாம், தட்டானை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கவிட்டுத்தான் எடுத்தேன் என்றார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் எடுக்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான் என்றார். வெளியே எடுத்ததும் உடம்பில் தண்ணீர் பூத்தது, அழகாக இருந்தது, எடுத்தேன், அதில் என்ன குற்றம் என்று கேட்டார்.

பிறகு குரல் ஏறியது.

"பெரிய லென்ஸ் வச்சிருக்கவன் தள்ளி நின்னு சொகுசா எடுக்கான். நான் ஒரு சாணுக்குப் போகணும். போனா எது நிக்கும்? குளத்தங்கரையில முட்டி தேய ஊர்ந்தவன் நான். இல்லாதவன் வேற என்ன செய்வான், சொல்லுங்க?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. குளத்துச் சேறு போகாத வேட்டிகள் அவர் வீட்டில் கிடந்தன. அத்தனை நாள் ஊர்ந்தும் அவருக்குக் கிடைத்தது பூச்சி பறந்துபோன வெற்று இலைகள்தான்.

பெனிட்டாவுக்கும் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

லென்ஸைத் திரும்பத் திருகி மாட்டினாள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவரை நோக்கி வந்தாள்.

"என்ன டீச்சர்?"

"அசையாதீங்க."

அவர் முகத்துக்கு நேரே, கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸ் வந்து நின்றது. அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். அவளும் முன்னால் வந்தாள். உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவள் விடவில்லை. நாற்காலி சுவரில் இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்பு வட்டம் ஒன்று மட்டும் இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த மனுஷி தெரியவில்லை. 

"தள்ளிப் போங்க!"

பெனிட்டா அந்த நொடியே கேமராவை இறக்கினாள். வாசல்வரை பின்வாங்கி நின்றாள்.

"சரி சார். தள்ளி வந்துட்டேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது.  இது என்ன பழக்கம், படிச்சவங்க செய்யுற காரியமா, ஒரு மனுஷன் வேண்டாங்கிறது பார்த்தாத் தெரியாதா என்று பொரிந்து தள்ளினார். வயசுக்காவது மரியாதை வேண்டாமா என்றும் கேட்டார்.



"நீங்க வாயைத் திறந்து சொன்னீங்க. வந்துட்டேன்," என்றாள்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வெற்று அட்டையை இழுத்து வைத்துப் பேனா மூடியைத் திறந்தாள்.

"நாளைக்குக் காலையில ஆள் வர ஆரம்பிச்சிரும். படம் உங்களோடது. உங்க பேரை எழுதட்டுமா?"

கோமதிநாயகம் படத்தைப் பார்த்தார். கோபம் அப்படியேதான் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"எழுதாதீங்க."

அவள் பேனாவை மூடவில்லை. 

"அந்தத் தட்டான் அப்புறம் பறக்கவே இல்ல, டீச்சர்."