கல்லுக்கு விட்ட வாசல்

அந்தக் காலத்தில், கிளியும் நரியும் பேசியதுபோலக் கல்லும் பேசும். ஆனால் கல்லின் பேச்சு காதுக்குக் கேட்காது. உடம்பில் படவேண்டும். பட்டால், எறும்பு ஊர்கிற மாதிரி தோல் வழியாக ஏறி மனசுக்குள் போய் நின்றுகொள்ளும்.

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஊர். அங்கே மருதப்ப ஆசாரி என்று ஒரு பொற்கொல்லர். கை சுத்தம், வேலை சுத்தம். முதுகு மூடாத நகை அரைகுறை நகை என்பது அவர் பிடிவாதம். தோடானாலும் மூக்குத்தியானாலும் கல்லுக்கு அடியில் பொன்தகடு வைத்து மூடித்தான் கொடுப்பார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பொன் வைக்கிற மனுஷன் என்று அவருக்குப் பேர்.

ஒரு கோடையில் நாச்சாயி அவர் பட்டறைக்கு வந்தாள். அவள் புருஷன் காரையன், கிணறு வெட்டுகிறவன். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் ஒரு கல்லை எடுத்து வைத்தாள். கத்தரிப்பூ நிறம். மேல்பக்கம் வழவழவென்று, அடிப்பக்கம் கூராக. இப்படி ஒரு நிறத்தை ஆசாரி அதுவரை பார்த்ததில்லை.

"ஏதும்மா இது?"

"கிணத்துக்குள்ளார கெடச்சதுங்க. கையில எடுத்ததும், தள்ளி நில்லுன்னு சொல்லிச்சாம். இவரு தள்ளி நின்னிருக்காரு. மொதல்ல நின்ன எடத்துல பாறை விழுந்துச்சாம். அதுல இருந்து அதைக் கேக்காம எறங்கறதில்லீங்க."

"அப்புறம் எதுக்கு மோதிரம்? கையிலேயே வெச்சுக்கட்டுமே."

"கையில கல்லை வெச்சுக்கிட்டுக் கடப்பாரையை எதுலீங்க புடிக்கறது? வாயில அடக்கிப் பாத்தாரு. ஒருநாள் என்னையத் திட்டறேன்னு முழுங்கப் போயிட்டாரு."

ஆசாரி சிரித்துக்கொண்டே கல்லை உள்ளங்கையில் வாங்கினார்.

"உன் கை ஒரே கரி நாத்தம்" என்றது கல்.

"ஆசாரி கை சந்தனமா மணக்கும்?"

"சரி சரி. ஒண்ணு சொல்றேன், மறந்துடாதே. என்னோட அடிப்பக்கத்தை..."

அதற்குள் ஆசாரி சாமணத்தால் அதைக் கவ்வித் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டார். தோல் விட்டதும் பேச்சு அறுந்தது. நாற்பது விதக் கல்லைக் கட்டியவனுக்குக் கல்லா வந்து தொழில் சொல்லித்தருவது என்று அவருக்கு ஒரு நினைப்பு. வேலை முடிகிறவரை சாமணத்தாலேயே எடுத்தார், சாமணத்தாலேயே வைத்தார்.

மோதிரம் அமைந்துவந்த அழகைப் பார்த்து அவருக்கே ஆசை பொங்கியது. கேட்டதற்கு மேல் தன் பொன்னையும் கொஞ்சம் சேர்த்து, அடியில் கனமாகத் தகடு வைத்து மூடிக் கொடுத்தார்.

ஊரே காரையன் விரலைப் பிடித்துப் பார்த்தது. "கெணறு வெட்டறவன் கையா இது, நாட்டை ஆள்ற பட்டக்காரர் கையா!" என்று கேலி பேசியது. காரையனும் அந்தக் கையை வீசித்தான் நடந்தான்.

கொஞ்சநாள் கழித்து நாச்சாயி மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடிவந்தாள்.

"ஆசாரியாரே, மோதிரம் போட்ட நாள்ல இருந்து கல்லு ஒரு வார்த்தை பேசலீங்க."

"கோவிச்சுக்கிட்டு இருக்கும்."

"கோவிச்சுக்கட்டுமுங்க. இவரு என்ன நெனைக்கறாரு? கல்லு சும்மா இருந்தா ஆபத்து இல்லைங்கறாரு. அடிமண்ணு ஈரமாயிருச்சு, இன்னைக்குத் தண்ணி வந்துரும்னு ஒரே வெறியா வெட்டறாரு."

"மேலே தொட்டுப் பாத்தாரா?"

"மேல்பக்கம் அதுக்குக் கண்ணுங்க. பாக்கத்தான் பாக்கும். கூர்ப்பக்கந்தானே வாயி! உங்களுக்குத் தெரியாததான்னு நான் சொல்லாம இருந்துட்டனுங்க."

ஆசாரிக்கு அறுந்துபோன அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. கையில் அகப்பட்ட சுத்தியையும் உளியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு, மேல்துண்டுகூட இல்லாமல் அவள் பின்னால் ஓடினார்.

கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தார். "காரையா! மேல வா!"

"தண்ணி கசியுதுங்க ஆசாரியாரே! இப்பப் போயி ஏறச் சொல்றீங்களே!"

"மண்ணு சரியும்டா!"

"சரியறதா இருந்தா கல்லு சொல்லாதுங்களா? அது சிவனேன்னு இருக்குது. நீங்க கரியை ஊதற வேலையைப் பாருங்க."

இவனிடம் வழக்குப் பேசினால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. "சரிடா, மோதிரத்துல ஒரு வேலை மிச்சம் இருக்குது. அதையாவது அனுப்பு."

கூடையில் மோதிரம் ஏறி வந்தது. கீழே கடப்பாரைச் சத்தம் நிற்கவில்லை.

ஆசாரி மோதிரத்தைத் திருப்பி, மேட்டில் கிடந்த ஒரு பாறைமேல் வைத்தார். அவரே வைத்த தகடு, அவரே சேர்த்த கனம். அரத்தால் மெல்லத் தேய்த்தால் கல்லுக்குக் காயம் படாது, ஆனால் பொழுது சாயும். உளியால் ஒரே அடி அடித்தால் தகடு உடனே திறக்கும். கல் தப்புமா என்று சொல்ல முடியாது. கத்தரிப்பூ நிறத்தை ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அடித்தார்.

தகடு கிழிந்தது. உளிமுனை கல்லிலும் இறங்கியது. ஓட்டைக்குள் அவர் விரலை வைத்ததும், தீ சுட்டதுபோல ஒரு சொல் ஏறியது.

"ஏத்து!"

"கல்லு சொல்லுதுடா, ஏறு!" என்று ஆசாரி கூவினார். கல்லின் பேரைக் கேட்டதும் காரையன் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். ஆசாரியும் நாச்சாயியும் இழுத்தார்கள். அவன் கால் மேட்டில் பட்டதும் கீழே கிணற்றுச் சுவர் ஒருபக்கமாகச் சரிந்து, கடப்பாரை மண்ணுக்குள் போயிற்று.

நாச்சாயி அவன் முதுகில் இரண்டு அறை வைத்துவிட்டு அப்புறந்தான் அழுதாள்.

ஆசாரி மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூர்முனை உடைந்து மண்ணில் விழுந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தார், காரையனையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடு மட்டும் இருந்தது. பேச்சு இல்லை.

"தகடு திருப்பி வெச்சு மூடிறலாமுங்களா?" என்று கேட்டான் காரையன். "ஓட்டையா இருக்குதே."

"மூட வேண்டாம்" என்றார் ஆசாரி. "கேக்காமக் குடுத்த பொன்னு அது. அதுதான் அதோட வாயை அடைச்சது. என்னைக்காவது ஒருநாள் பேசணும்னு அதுக்குத் தோணுச்சுன்னா, வழி இருக்கட்டும்."

அந்தக் கல் பிறகு பேசவில்லை. மண்ணுக்குள் கல்லும் கல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதானே கிடக்கின்றன. வாய் உடைந்த சேதி பரவி, மற்றக் கல்லுகளும் பேச்சை விட்டுவிட்டன.

உங்கள் விரலில் கல் மோதிரம் இருந்தால் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அன்று முதல்தான், எத்தனை பொன் போட்டுச் செய்தாலும், கல்லின் அடியில் தோல் படும்படி ஒரு சின்ன வாசலை ஆசாரிமார் திறந்தே வைக்கிறார்கள்.