கடைசிக் குன்றின் நாழிகை

புறப்படும்போது சரியாக இருக்கும், போய்ச் சேரும்போது தப்பாகிவிடும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அரண்மனை முரசு நேரம் சொல்லும். குன்றுக்குக் குன்று காவலர்கள் அதைக் கேட்டுத் திரும்ப முழக்குவார்கள். எல்லையில் இருந்த கடைசிக் குன்றில், அப்பா இறந்தபின் சிறுமி மருதி மட்டும் தனியாகக் காவல் இருந்தாள். அவளுக்குப் போக வேறு இடமில்லை. யாரோடு கடைசியாகப் பேசினாள் என்பதும் மறந்துவிட்டது.

ஒருநாள் முரசு அதிகாரி சேந்தனார் வந்தார்.

"முரசு உச்சிப்பொழுது என்கிறது. நீ உச்சி தாண்டி ஒரு நாழிகை என்கிறாய். அரண்மனையைவிட உனக்கு அதிகம் தெரியுமோ? இன்றே இறங்கிப் போ."

"முரசுச் செய்தி வந்துசேர நேரமாகுதுங்க ஐயா."

"நேரமா? அங்கே அடித்தால் அடுத்த மூச்சில் இங்கே கேட்கும். என் ஏற்பாடு அது."

"அப்படின்னா ஒரு கேள்வி முழக்குங்க. ரெண்டு மூச்சுக்குள்ள பதில் வந்தா நான் போயிடறேன்."

சேந்தனார் அரசரின் நலம் கேட்டு முழக்கினார். நேரம் பார்க்க மருதி தண்ணீரில் மிதக்கவிட்டிருந்த, நாழிகைக்கு ஒருமுறை மூழ்கும் ஓட்டைக் கிண்ணம் இரண்டுமுறை மூழ்கிய பிறகுதான் பதில் வந்தது.

"போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை," என்றாள் மருதி. "வந்த நேரத்தோட அந்த ஒண்ணைக் கூட்டித்தான் வைக்கிறேன் ஐயா."

சேந்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, நீயே இரு. பட்டுப்பாவாடையா, பொன்வளையலா, என்ன வேண்டும்?"

மருதி, குன்றுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றாள்.