பூதம் வெட்டிய குளம்

செம்பாறைச் சீமையை ஆண்ட திருமேனி ராயர் நல்லவர்தான். ஆனால் அடுத்த சீமை ராஜா ஒரு பெரிய பொய் சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய பொய் தன்னிடம் இல்லையே என்று அவருக்குச் சோறு இறங்காது.

அந்த ஆண்டு விருந்துக்கு வந்த அடுத்த சீமை ராஜா, "எங்கள் கோட்டைக் கல்லையெல்லாம் என் தாத்தா இடது கையாலேயே தூக்கி வைத்தார்" என்று அளந்துவிட்டுப் போனார். வலது கையில் என்ன வைத்திருந்தாராம் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

உடனே ராயர், வம்ச வரலாறு எழுதும் கீர்த்திவாசரைக் கூப்பிட்டார். இரண்டே நாளில் ஓலை தயார்.

"மகாராஜா, ஊர்ப் பெரிய குளத்தை வெட்டியது மனிதர்களே அல்ல. உங்கள் முப்பாட்டனார் ஒரு பூதத்தைப் பிடித்து, ஒரே ராத்திரியில் வெட்ட வைத்தார்."

ராயர் பூரித்துப் போனார். ஊர் அவரையும் மிஞ்சியது. ஒரு வாரத்துக்குள் பூதத்தின் காலடி ஒரு பாறையில் அகப்பட்டது. அது முதுகு சொறிந்த பனைமரமும் அகப்பட்டது. அந்த மரத்துக்கு வயது பத்துகூட இருக்காது. அதனால் என்ன, ஜனங்கள் தேங்காய் உடைத்தார்கள்.

கீர்த்திவாசர் மறுபடி சபைக்கு வந்தார்.

"குளத்துக்குக் கீழே நாற்பது மண்வெட்டிக் குடும்பங்கள் மானிய நிலம் அனுபவிக்கின்றன. முன்னோர் குளம் வெட்டியதற்குக் கிடைத்ததாம். வெட்டியதுதான் பூதமாயிற்றே! நிலத்தைப் பிடுங்கி, உண்மையைக் கண்டுபிடித்தவருக்குக் கொடுப்பதே நியாயம்." சொல்லிவிட்டு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குடும்பங்களின் தலைவி வெயிலுகந்தாள் ஓடி வந்தாள். "எசமான், எங்க பூட்டன்மாரு பன்னெண்டு வருசம் வெட்டுன குளம் இது. மண்ணு சரிஞ்சு செத்தவங்க அந்தக் கரையிலயேதான் கெடக்காங்க. நெலத்தப் புடுங்கிட்டா நாங்க எங்க போவோம்?"

"ஓலைச் சாட்சி உண்டா?" என்றார் கீர்த்திவாசர்.

"மம்பட்டிதான் இருக்கு" என்றாள் அவள். சபை சிரித்தது.

சபையில் சிரிக்காமல் இருந்தவர் அப்பாவு ஒருவர்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் வைத்திருந்த ஆள் அவர். மெல்ல எழுந்தார்.

"கீர்த்திவாசர் சொல்வதே சரி. ஒரு சின்னச் சந்தேகம், மகாராஜா. மானியம் வெட்டியதற்கு மட்டும் இல்லை. மழைக்காலத்தில் கரையைக் காப்பதற்கும் சேர்த்துத்தான். பூதம் உயிரோடு இருக்கிறதா?"

"பூதத்துக்குச் சாவு ஏது?" என்றார் கீர்த்திவாசர். "கூப்பிடும் மந்திரம் என்னிடம் இருக்கிறது."

"அப்படியானால் கவலையே இல்லை. இனி இவர்கள் கரையைத் தொட வேண்டாம். நிலத்தோடு பூதத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

ராயரும் அப்படியே உத்தரவு போட்டார். வெயிலுகந்தாள் அப்பாவுவை எரிப்பதுபோலப் பார்த்தாள். சபை கலைந்ததும் அப்பாவு அவளைத் தேடிப்போய், கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசினார். அவள் நாற்பது குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு குளத்து மேட்டில் குடிசை போட்டாள். கீர்த்திவாசர் கரைக்குக் கீழேயே புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார்.

ஐப்பசி வந்தது. மழை பத்து நாள் விடவில்லை. பதினோராம் நாள் காலையில் புதுவீட்டுக்கு நேர் மேலே கரை கசிந்தது. ராயர் குடையோடு ஓடி வந்தார். அப்பாவு பின்னாலேயே வந்தார்.

"கீர்த்திவாசரே, பூதத்தைக் கூப்பிடும்!"

கீர்த்திவாசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மந்திரம் சொன்னார். ஒன்றும் வரவில்லை. மறுபடி சொன்னார். ஒரு தவளை வந்தது.

ராயர் அப்பாவு பக்கம் திரும்பினார். "அப்பாவு, ஊர் என்னாவது?"

அப்பாவு மேட்டைப் பார்த்தார். அங்கே வெயிலுகந்தாள் கரையையே பார்த்தபடி நின்றாள். "இன்னும் அரை முழம் தண்ணி ஏறுனாலும் கரை தாங்கும், எசமான்!" என்று கத்தினாள்.

அதற்குள் மண் கொஞ்சம் சரிந்தது. தண்ணீர் புதுவீட்டு வாசற்படி ஏறியது. வம்ச வரலாறு கட்டுக்கட்டாக மிதந்து வெளியே வந்தது. கீர்த்திவாசருக்கு மந்திரம் மறந்துபோயிற்று.

"வெயிலுகந்தா! தாயே! ஆளுங்களக் கூட்டிட்டு ஓடி வாம்மா!" என்று அவரே மேட்டைப் பார்த்து அலறினார்.

அடுத்த கணம் மேட்டிலிருந்து ஆணும் பெண்ணுமாக நூற்றெண்பது பேர் இறங்கினார்கள். பனந்தடியும் வைக்கோல் பிரியும் களிமண்ணும் முன்பே தயாராக இருந்தன. உச்சிப்பொழுதுக்குள் கரை அடைபட்டது.

அப்பாவு கைகூப்பினார். "மகாராஜா, வரலாற்றில் சின்னத் திருத்தம். பூதம் ஒன்று இல்லை, நூற்றெண்பது. மந்திரமும் கிடைத்துவிட்டது: 'தாயே, ஓடி வாம்மா.' பாருங்கள், ஒரே தடவையில் பலித்தது!"

ராயர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சேறு படிந்த அந்த முகங்களைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"அம்மா, நான் செய்தது தப்பு. நிலம் உங்களுடையது. அந்தப் புதுவீடும் உங்களுக்கே. கீர்த்திவாசர் தை பிறக்கும்வரை உன்னிடம் மண் சுமக்கட்டும்."

"சுமக்கட்டும் எசமான். கூடையில அரைவாசி போட்டாப் போதும், ஆளு புதுசு" என்றாள் வெயிலுகந்தாள்.

ராயர் தன் மோதிரத்தைக் கழற்றி அப்பாவுவின் விரலில் போட்டார். பிறகு பழைய கவலை வந்துவிட்டது.

"எல்லாம் சரி. அடுத்த சீமை ராஜா வந்தால் நான் எதைச் சொல்வேன்? பூதமும் போயிற்றே!"

"நடந்ததைச் சொல்லுங்கள், மகாராஜா. நாற்பது குடும்பம், வெறும் மண்வெட்டி, பன்னிரண்டு வருஷம், இவ்வளவு பெரிய குளம் என்று சொல்லுங்கள்."

"அதில் என்ன பெருமை?"

"இடது கையால் கோட்டை கட்டியதை நம்புகிற மனிதர் அவர். இதை மட்டும் சத்தியமாக நம்பமாட்டார். இவ்வளவு பெரிய பொய்யைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை என்று தோற்றுப்போய் எழுந்து போவார்!"