குருத்தோலை சாம்பலான கதை

மரமும் மனிதரும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், செம்மணல் மேடான தேரியை ஒட்டி ஓர் ஊர் இருந்தது. சுற்றிலும் பனங்காடு, நடுவில் உச்சியில் சிலுவையோடு ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கோயில். அந்த ஊரில் சவரியாயி என்றொருத்தி பனையேறிப் பிழைத்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தபின், அவன் காலில் மாட்டிய தளைநாரைத் தானே மாட்டிக்கொண்டு ஏறினாள். பொம்பளை பனையேறுவதா என்று சிரித்த ஊர், குருத்தோலை ஞாயிறு நெருங்கினால் மட்டும் பவனிக்கு ஓலை கேட்டு அவள் வாசலில் வந்து நிற்கும்.

குருத்து வெட்டுவது லேசான காரியமில்லை. விரியாத அந்த இளமஞ்சள் ஓலையில்தான் பனையின் உயிரே இருக்கிறது. ஒன்றை இழந்தால் மரம் பல நாள் நோகும். அதனால் சவரியாயி கேட்காமல் அரிவாளை எடுக்கமாட்டாள். காட்டில் மூத்த பனைதான் எல்லா மரங்களுக்குமாகப் பதில் சொல்லும். அந்த வருடமும் சொன்னது, “கழுதை மேலே வந்த ராசாவுக்குத்தானே கேக்கிறே, எடுத்துக்கோ. வலிச்சா நாங்க பொறுத்துக்கிறோம்.”

ஞாயிறு காலையில் பவனி புறப்பட்டது. ஊர்த்தலைவர் தொம்மை எல்லாருக்கும் முன்னால் நடந்தார். ஊரிலேயே நீளமான ஓலை அவர் கையில்தான். ஓசன்னா என்ற வாழ்த்தை அவர் எடுத்துக்கொடுக்க, தெருவே திரும்பப் பாடியது. கடைசி வரிசையில் வந்த சவரியாயிக்கு உள்ளங்கைக் கொப்புளங்கூட மறந்துபோயிற்று.

உச்சிப்பொழுதில் தண்ணீர் எடுக்கக் கிளம்பியவள் தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் வானத்தைப் பார்த்து ஆடிய ஓலைகள் சாணியிலும் புழுதியிலும் கிடந்தன. ஆடுகள் மென்றுகொண்டிருந்தன. வண்டிச் சக்கரம் சிலவற்றை மண்ணோடு அரைத்திருந்தது. தொம்மை தம் வீட்டுப் படியில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய கோழிப்பீயைத் தம் ஓலையால் வழித்துக்கொண்டிருந்தார்.

அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். இதற்கா கேட்டீர்கள் என்றாள். தொம்மை தலையை நிமிர்த்தவில்லை. பூசை முடிந்துவிட்டது, இனி அது குப்பைதான், மனசு கேட்கவில்லையென்றால் நீயே அள்ளிக்கொண்டு போ என்றார்.

அள்ளினாள். ஆட்டின் வாயிலிருந்ததையும் பிடுங்கினாள். தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தரும் குனியவில்லை. அத்தனையையும் கழுவிக் காயவைத்து, கட்டாகக் கட்டித் தன் குடிசையின் கூரையில் செருகிவைத்தாள்.

மறுநாள் மூத்த பனை, குருத்துகள் என்னவாயின என்று கேட்டது. அவளால் பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பிறகு பனை சொன்னது:

“ஞாயித்துக்கிழமை ஓசன்னா சொன்ன வாய்தான் வெள்ளிக்கிழமை சிலுவையில அறைன்னு கத்துச்சுன்னு, எங்க அக்காமாரு ஈச்சமரங்க சொல்லிக் கேட்டிருக்கோம். அந்த வாய் இன்னும் சாகலை போலிருக்கு. இனி இந்த ஊருக்கு ஒரு குருத்துகூடக் கிடையாது.”

சவரியாயி ஊருக்காகக் கெஞ்சவில்லை. மரம் சொன்னது நியாயமென்றே அவளுக்குப் பட்டது.

அந்தக் கோடையில் பதநீர் சுரக்கவில்லை. குருத்துகள் கல்லாய் இறுகி, அரிவாளையே மழுக்கின. மாதங்கள் ஓடித் தவக்காலம் நெருங்கியபோது, இவள்தான் மரத்திடம் கோள்மூட்டியவள் என்று ஊர் அவள்மேல் பாய்ந்தது. தொம்மை கூட்டம் போட்டார். கொடுக்காத மரம் எதற்கு, தவக்காலத்து முதல் புதன் பூசை முடிந்ததும் காட்டை வெட்டிவிடலாம் என்று தீர்ப்பானது. சவரியாயி ஓடிப்போய் மூத்த பனையிடம் சொன்னாள். வெட்டட்டும் என்றது அது.

புதன்கிழமை கோயில் சுவரோரம் கோடாலிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அன்று பூசையில் நெற்றியில் பூசும் சாம்பலை அக்காலத்தில் எவர் வீட்டு அடுப்பிலிருந்தாவது அள்ளிவருவார்கள். சவரியாயி தன் ஓலைக்கட்டைச் சுமந்துவந்து கோடாலிகளின் எதிரில் போட்டு நெருப்பு வைத்தாள். காய்ந்த ஓலை குப்பென்று பிடித்தது. யாரைக் கேட்டு இதைச் செய்கிறாய் என்று தொம்மை முன்னால் வந்தார். அவள் சாம்பலை ஒரு மண்தட்டில் வாரிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ராசாவுக்குன்னு நீங்க தூக்கிப் பிடிச்ச ஓலை இது, தலைவரே. இதாலதான் செருப்புத் தொடைச்சீங்க. மரம் உயிரைக் கொடுத்துச்சு, நீங்க குப்பைன்னீங்க. அடுப்புச் சாம்பல் இன்னைக்கு வேண்டாம். இதை நெத்தியில பூசிக்கிட்டு, அப்புறம் கோடாலியைத் தொடுங்க.”

கோயிலிலிருந்து பூசை வைக்கும் இஞ்ஞாசி சாமியார் வெளியே வந்தார். அவளை விரட்டப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போன குருத்தோலை ஞாயிறன்று தெருவில் ஓலை கிடந்ததைத் தாமும் பார்த்ததாகவும், பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனதாகவும் அவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு அவள்முன் தலை குனிந்தார்.

“முதல்ல எனக்குப் பூசு, சவரியாயி.”

பூசினாள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று ஒவ்வொருவர் நெற்றியிலும் இட்டார். கடைசிவரை ஒதுங்கி நின்ற தொம்மை, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குனிந்தார். சவரியாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் அடங்கவேயில்லை. ஆனால் அன்று யாரும் கோடாலியைத் தொடவில்லை.

அந்த வாரமே குருத்துகள் இளகின. மூத்த பனை அவளை அழைத்து, தருகிறோம், ஆனால் மனிதரோடு இனிப் பேச்சில்லை என்றது. அதோடு சரி. அவள் எத்தனையோ நாள் அடிமரத்தில் காதை வைத்துப் பார்த்தாள், மரம் வாய் திறக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம்தான் குருத்தோலையைத் தெருவில் எறிவது நின்றது. அதைச் சிலுவையாக மடித்து, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் செருகிவைத்துவிட்டு, கோயிலிலேயே திருப்பிக் கொடுத்து எரித்து, அந்தச் சாம்பலைச் சாம்பல் புதனன்று எல்லாரும் நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.