நாக்குக்கு அடியில்

சங்கரன்கோவில் போகிற சாலையில், டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம், ஜெபக்கனியின் ஆசிரமம் நின்றது. ஆசிரமத்துக்கு நாலு சக்கரம். தலையில் சுழல்கிற விளக்கு. ஓட்டுவதற்கு மைதீன். குரு முப்பத்திரண்டு வயதுப் பெண். சீடருக்கு வயது நாற்பத்தாறு.

சீடர் பெயர் திருமேனிநாதன். இருபது வருஷம் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்றவர். டாக்டர் எழுதியதை மட்டுமல்ல, எழுத நினைத்து மறந்ததையும் படித்துவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு. ஒரு தடவை, மையை மிதித்த கோழி நடந்துபோன காகிதம் ஒன்றை எவனோ விளையாட்டுக்கு நீட்டினானாம். திருமேனி அதையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரையும் ஒரு டானிக்கும் எடுத்துக் கொடுத்தார். நீட்டியவனுக்கு நாள்பட்ட இருமல் நின்றுவிட்டது.

கடை மூடிய பிறகு பயிற்சி முடித்து ஆம்புலன்ஸுக்கு வந்தார். வந்து ஆறு மாதமாகியும் மருந்துப் பெட்டியை ஜெபக்கனி அவர் பொறுப்பில் விடவில்லை. அவர் எடுக்கிற ஒவ்வொரு மருந்தின் பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தானும் ஒரு முறை படிப்பார். திருமேனிக்கு இது உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலை, டீ குடிக்கும்போது கேட்டே விட்டார்.

"டீச்சர், இந்தப் பெட்டியில இருக்கறதுலேயே ஆபத்தானது எது?"

"நீங்க என்ன நினைக்கீங்க அண்ணாச்சி?"

"அட்ரினலின். தேனீ கொட்டி மூச்சு அடைக்கவனுக்குத் தொடையில போட்டா போன உயிர் வரும். அளவு மாறி, இடம் மாறிப் போச்சுன்னா இருக்கற உயிர் போயிரும்."

"அது இல்ல."

"அப்போ குளுக்கோஸ் ஊசி. நரம்பை விட்டு வெளிய இறங்கிச்சுன்னா கையே வெந்துபோகும்."

"அதுவும் இல்ல."

"பின்ன எதுதான்?"

ஜெபக்கனி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"நாக்குக்கு அடியில வைக்கறது."

திருமேனி சிரித்தார். மைதீனும் சிரித்தான்.

"நெஞ்சுவலிக்கு வைப்போமே, அந்தக் கடுகா? டீச்சர், அது இருக்கற இடமே தெரியாது."

"சீக்கிரம் கரைஞ்சிரும் அண்ணாச்சி. அதான்."

மேலே கேட்பதற்குள் போன் அடித்தது. ஒருவருக்கு நெஞ்சுவலி. வீட்டு அடையாளம் சொன்னதுமே திருமேனியின் டீ கையிலேயே நின்றது.

"எங்க உலகநாதன் சார் வீடு. எனக்கு ஆறாம் வகுப்பு எடுத்தவரு."

உலகநாதன் சாரின் மரியாதை சாதாரண மரியாதை அல்ல. அவர் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளுவான். அவர் தும்மினால் மூன்று வீடு தள்ளி இருப்பவர் "கூப்பிட்டீங்களா சார்?" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வருவார். பிழையாகக் குரைத்த நாயை அவர் ஒரு பார்வை பார்த்ததில், அது மறுநாள் முதல் திருத்தமாகக் குரைத்தது என்றுகூடச் சொல்வார்கள்.

வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வாழைமரம் வாடவில்லை. முந்தின நாள்தான் சாருக்கு எழுபதாம் கல்யாணம். வந்த உறவு பாதி வீட்டிலேயே இருந்தது. நடுக்கூடத்தில் நாற்காலியில் சார். புது வேட்டியில் மஞ்சள் கறை. உள்ளங்கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. சுற்றி முப்பது பேர், ஆளுக்கொரு வைத்தியத்தோடு.

ஜெபக்கனி இயந்திரத்தின் ஒயர்களை நெஞ்சில் ஒட்டினார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டரைப் போனில் பிடித்துச் சொன்னார். ஆஸ்பிரின் ஒத்துக்குமா, வயிற்றில் புண் உண்டா என்று சாரிடம் கேட்டார். அப்படி ஒன்றுமில்லை. மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். சார் மென்றார்.

"அண்ணாச்சி, அடுத்ததை எடுத்து வைங்க. கேக்க வேண்டியதைக் கேட்டுக்கிடுங்க."

திருமேனி அட்டையில் பெயரைப் படித்தார். தேதியைப் படித்தார். கடுகு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"சார், என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்க?"

"திருமேனியாடே? பிரஷருக்கு ஒண்ணு."

"வேற?"

சாருக்குப் பதில் மருமகள் சொன்னாள். "வேற ஒண்ணும் கிடையாது. நேத்து ராத்திரி ஒரு தலைவலி மாத்திரை போட்டாங்க. சம்பந்திதான் எங்கேயோ போய் வாங்கிட்டு வந்தாங்க."

திருமேனியின் கை நின்றது.

மெடிக்கல் ஷாப்பில் இருபது வருஷம். சில பேர் கடையில் கூட்டம் குறைகிற வரை ஓரமாக நின்று தேதிக் காலண்டரைப் படிப்பார்கள். பிறகு வந்து, "தலைவலி மாத்திரை. பெரிசா ஒண்ணு" என்பார்கள். கண்ணால் ஒரு அலமாரியைக் காட்டுவார்கள். திருமேனி ஒன்றும் கேட்க மாட்டார். முகத்தைக்கூடப் பார்க்காமல் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். அந்தக் கடைக்கு மூன்று ஊரிலிருந்து தலைவலிக்காரர்கள் வந்ததே அதற்காகத்தான்.

அந்தத் தலைவலி மாத்திரையும் இந்தக் கடுகு மாத்திரையும் ஒரு உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். இது அவருக்குப் பயிற்சிக்கு முன்பே தெரியும்.

சார் நிமிர்ந்து பார்த்தார். ஆறாம் வகுப்பில் பார்த்த அதே பார்வை. பக்கத்தில் மருமகள். பின்னால் பேத்திகள். தூணோரமாக சாரின் மனைவி கோமதியம்மாள், கழுத்தில் நேற்றுக் கட்டிய புதுத் தாலியோடு.

கேள்வி தொண்டை வரை வந்தது. வாய்க்குள்ளும் வந்தது. அங்கேயே எங்கோ பதுங்கிக்கொண்டது.

சார் தலைவலிக்குத் தலைவலி மாத்திரையே போட்டிருக்கக் கூடாதா என்ன, என்று திருமேனி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"வாயைத் திறங்க சார்," என்றார். "நாக்கைத் தூக்குங்க."

"பொறுங்க அண்ணாச்சி."

ஜெபக்கனி எழுந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆம்பளைங்க எல்லாரும் போய் வாசல் பந்தக்கால் நாலைப் பிடுங்குங்க. ஸ்ட்ரெச்சர் நுழையாது. பொம்பளைங்க வாசல்ல கிடக்கற செருப்பை எல்லாம் ஒதுக்குங்க, கால் தட்டும். அம்மா, நீங்க பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க."

ஸ்ட்ரெச்சர் அந்தப் பந்தல் வழியாகத்தான் உள்ளே வந்திருந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை. கூடம் காலியானது.

"அண்ணாச்சி, நீங்க சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

திருமேனி திரும்பி நின்றார். ஆறாம் வகுப்பில் சார் அவரை இப்படித்தான் நிற்க வைத்திருந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஜெபக்கனியின் குரல் கேட்டது. பேர் என்ன, வயசு என்ன என்று கேட்கிற அதே குரல்.

"சார், ஆம்பளைத் தெம்புக்குன்னு மாத்திரை ஏதாவது போட்டீங்களா? நேத்து, முந்தாநாள்?"

வெளியே பந்தலின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான் சார். போட்டிருந்தா, அண்ணாச்சி கையில இருக்கற மாத்திரை உங்களுக்கு ஆகாது."

"ஒண்ணு," என்றார் சார்.

"எப்போ?"

"ராத்திரி. சாப்பாட்டுக்குப் பொறவு."

"சரி சார்."

பிரஷர் மாத்திரைக்குச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அப்படி ஒரு "சரி". உடனே போனில் டாக்டரிடம் சொன்னார். "அப்போ நாக்குக்கு அடியில வைக்காதீங்க. அப்படியே கொண்டு வாங்க," என்றது போன்.

ஸ்ட்ரெச்சர் வெளியேறியது. பிடுங்கிய பந்தக்கால்கள் வழியை மறித்துக் கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் தூக்கிப் போக வேண்டியிருந்தது. கோமதியம்மாள் முன்னால் மைதீன் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வண்டி பறந்தது. சார் கண்ணை மூடியபடியே பேசினார்.

"லேய் திருமேனி."

"சார்."

"வகுப்புல நான் என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கை தூக்குவ."

"ஆமா சார்."

"ஒரு நாளாவது என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கியாலே?"

"இல்ல சார்."

சார் அதற்கு மேல் பேசவில்லை. திருமேனி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரும் வரை கையை விடவில்லை.

அங்கே ஒரு நர்ஸ் அதே கடுகு மாத்திரையோடு வந்தாள். ஜெபக்கனி டாக்டர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். டாக்டர் நர்ஸைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். மாத்திரை திரும்பிப் போனது.

அடைப்பைக் கரைத்துவிட்டார்கள். சாயங்காலம் சார் இட்லி கேட்டார் என்றும், இட்லியின் வட்டம் சரியாக இல்லை என்று கேண்டீன்காரரை நிற்க வைத்துத் திருத்தினார் என்றும் பிறகு தெரியவந்தது.

வெளியே வரும்போது கோமதியம்மாள் ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, அந்தத் தலைவலி மாத்திரையாலதான் வந்துச்சோ?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. டாக்டர் பாத்துக்கிடுவாரு."

"அவுகளுக்குத் தலைவலின்னு ஒண்ணு வந்ததே கிடையாது தாயி. ஊருக்குக் குடுத்ததோட சரி," என்றார் கோமதியம்மாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

திருமேனி அப்போதுதான் நாடி பிடிக்காத இன்னொரு கையை விரித்துப் பார்த்தார். பிரித்த மாத்திரை வியர்வையில் பாதி கரைந்திருந்தது. தோல் வழியாகவும் அது உள்ளே போய்த் தலைவலி கொடுக்கும். அவருக்கு உண்மையிலேயே தலை விண்விண்ணென்று தெறித்தது. மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

டோல்கேட்டுக்குத் திரும்பினார்கள். மைதீன் டீ வாங்கப் போனான். ஜெபக்கனி மருந்துப் பெட்டியைத் திறந்து, குறைந்ததை நிரப்பிக்கொண்டிருந்தார். திருமேனி வண்டியின் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"காலையில நீங்க சொன்னப்ப சிரிச்சுட்டேன். இப்பத்தான் விளங்குது. அந்தக் கடுகு மாத்திரை லேசுப்பட்டது இல்ல."

ஜெபக்கனி பெட்டியை மூடினார்.

"நான் மாத்திரையைச் சொல்லல அண்ணாச்சி."